சி.ஆர்.பி. எவ்வளவு?



ஏற்காட்டில் இப்போது ஒருவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், பார்க்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "சி.ஆர்.பி. எவ்வளவு?" என்றுதான். முன்பெல்லாம் "கஞ்சி குடிச்சாங்களா?" என்று கேட்போம். 2020, 2021 கொரோனா காலத்தில்தான் இந்த மூன்றெழுத்து மலையேறி வந்தது. அதற்கு முன் டாக்டர்களுக்கும் லேப்காரர்களுக்கும் மட்டும் தெரிந்த பெயர். இன்று ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் ஐந்து பேருக்கும் அவரவர் சி.ஆர்.பி. எண் மனப்பாடம். ஐந்து பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். அதில் ஒருவர், அந்த 'சி' என்பது வைட்டமின் சி என்று நம்பி, எண் கூடிவிட்டதே என்று நம்ம மலை ஆரஞ்சைத் தொடாமல் இரண்டு மாதம் இருந்தார்!

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியின் ஊர் என்பதால் ஏற்காட்டுக்குக் குடிவந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை காகிதம் படிப்பது. ஒரு தாளில் ஒரு எண் இருந்தால், அது எந்தத் தேதியில் எழுதப்பட்டது, எந்த அளவில் எழுதப்பட்டது, இதற்கு முந்தைய தாள் எங்கே என்று பார்க்காமல் மேலதிகாரிக்கு அனுப்ப மாட்டோம். ரத்தப் பரிசோதனைத் தாளையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் நடந்த சில சம்பவங்கள் உறுதிப்படுத்தின. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர்க் கதை. 1930ஆம் ஆண்டு நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்து மருத்துவமனையில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இரண்டு டாக்டர்கள் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். பென்சிலின் மருந்தாக வராத காலம். நிமோனியா கிருமியிலிருந்து பிரித்தெடுத்த பல பொருள்களில் ஒன்றுக்கு 'சி' என்று அடையாளம் வைத்திருந்தார்கள். நோய் முற்றிய நிலையில் இருப்பவரின் ரத்தநீரில் அந்தப் பொருளைச் சேர்த்தால், பால் திரிந்ததுபோல் வீழ்படிவு வந்தது. அதே நோயாளி குணமான பிறகு எடுத்த ரத்தத்தில் வரவில்லை. 'சி'யோடு வினைபுரியும் புரதம் என்பதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன். ஆரஞ்சுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நிமோனியாவுக்கே உரிய பொருள் இது என்று முதலில் தோன்றியிருக்கலாம். ஆனால் வேறு கிருமிகள் தாக்கினாலும், கிருமியே இல்லாமல் மூட்டு வீங்கினாலும், ஏன், ஆபரேஷன் செய்தாலும் கூட இது ரத்தத்தில் ஏறுகிறது என்று போகப்போகத் தெரிந்தது. உடம்பில் எங்காவது சதை அடிபட்டால் அல்லது கிருமி புகுந்தால், அங்கிருந்து ரசாயனத் தகவல் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் இந்தப் புரதத்தை மளமளவென்று செய்து ரத்தத்தில் விடுகிறது. தீயணைப்பு நிலையத்தில் மணி அடிப்பதுபோல. எங்கோ நெருப்பு என்று மணி சொல்லும். எந்தத் தெரு, எந்த வீடு, எரிவது கூரையா எண்ணெயா என்று சொல்லாது.

நம் வயதுக்காரர்களுக்கு இதற்கு அண்ணனான ஈ.எஸ்.ஆர். நன்றாகவே தெரியும். 1960களில் புதுச்சேரியில் என் தகப்பனாருக்குக் காசநோய் வந்தபோது மாதாமாதம் அதைத்தான் பார்ப்பார்கள். பிரெஞ்சு மொழியில் 'வித்தெஸ் த செதிமாந்தாசியோன்' என்று சீட்டில் எழுதுவார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை என்பதால் அந்தச் சீட்டை வீட்டுக்குப் படித்துச் சொல்வது என் வேலை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பதுதான் ஈ.எஸ்.ஆர். நல்ல சோதனைதான், ஆனால் சாவதானமானது. உடம்பு தேறிய பிறகும் இறங்க வாரக்கணக்கில் ஆகும். ரத்தசோகை இருந்தாலும் ஏறும். வயது ஆக ஆகத் தானாகவே கூடும். ஆணுக்கு வயதில் பாதி வரையும், பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதி வரையும் இருக்கலாம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் எழுபத்து நாலு வயதுக்காரருக்கு 37 வந்தால் அலற வேண்டியதில்லை.

சி.ஆர்.பி. அப்படி இல்லை, சுறுசுறுப்பானது. அழற்சி தொடங்கி ஆறு மணி நேர வாக்கில் ஏறத் தொடங்கும். இரண்டாம் நாளையொட்டி உச்சத்துக்குப் போகும். காரணம் அடங்கிவிட்டால், சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் வேகத்தில் ரத்தத்திலிருந்து கழியும். இந்த வேகம்தான் அதன் பலம். அதைப் படிக்கத் தெரியாவிட்டால் அதுவே வம்பு. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பிச் செடியும், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடியும் உண்டு. மழையில் புதராக மண்டிக் கிடந்த களையை என் மனைவி ஒரு வாரம் உட்கார்ந்து பிடுங்கினாள். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் குளிர் தூக்கிப்போட்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கே லேப் தம்பி வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனான். சாயங்காலம் தாள் வந்தது. சி.ஆர்.பி. லிட்டருக்கு 9 மில்லிகிராம். பக்கத்திலேயே '10க்குக் கீழ் இயல்பு' என்று அச்சடித்திருந்தது.

தாளைப் படம் பிடித்துப் பெங்களூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பினோம். ஒரு நிமிஷத்தில் பதில். "நார்மல்தாம்ப்பா. வைரஸ் காய்ச்சலா இருக்கும். பாராசிட்டமால் குடுங்க, சரியாயிடும்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. தாளின் மேல் ரத்தம் எடுத்த நேரமும் இருந்தது. காலை 7.10. குளிர் வந்தது நள்ளிரவு. ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான் ஆகியிருந்தது. மணி அடிப்பவன் அப்போதுதான் கயிற்றைப் பிடித்திருப்பான். செவ்வாய் முழுவதும் காய்ச்சல் 103க்குக் குறையவில்லை. புதன் காலை, "ஏங்க, அப்பா வந்திருக்காரு, காப்பி போடணும்" என்றாள். அவள் அப்பா காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. வண்டியை வரச் சொல்லி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை என் தோளில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் கை குளிர்ந்துபோகிறது.

அங்கே பார்த்தது என் பேத்தி வயதில் ஒரு டாக்டரம்மா. திங்கட்கிழமைத் தாளைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "ஐயா, காய்ச்சல் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இந்த நம்பரை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது" என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி. 118. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. கல்லீரல் எண்கள் கூடியிருந்தன.

இப்போது 118 வந்துவிட்டது. கடும் கிருமித் தொற்று என்று சொல்லிப் பெரிய ஊசி ஒன்றைப் போட ஆரம்பித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "வீடு எங்கே? தோட்டம் இருக்கா? அம்மா புதர்ல வேலை செஞ்சாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். பிறகு நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, உடம்பு முழுக்கத் தேடச் சொன்னார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் அவளுக்கே தெரியவில்லை.

ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்கிறார்களே, அதுதான். புதரில் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு கடிப்பதால் வருவது. ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா காரணம். கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பென்சிலின் வகை மருந்துகளும், கடும் காய்ச்சல் என்றால் அடிக்கடி போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் இந்தக் கிருமியிடம் பலிக்காது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான் பலிக்கும். ஆக 118 என்ற எண்ணை மட்டும் நம்பியிருந்தால், விலை உயர்ந்த ஊசி ஏறிக்கொண்டே இருக்கும், நோயும் ஏறிக்கொண்டே இருக்கும். உயிரைக் காப்பாற்றியது எண் இல்லை, தேடிய கண்.

கிருமிக்கான தனிச் சோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல் அன்று மாலையே டாக்சிசைக்ளின் தொடங்கினார். வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல் விட்டது. சனிக்கிழமை சி.ஆர்.பி. 61. அதற்கடுத்த வாரம் 6. இறங்கும் அந்த வரிசைதான் 'மருந்து சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது' என்று எனக்குச் சொன்னது. சி.ஆர்.பி.யின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. தனி எண்ணைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பெரிய சேதி. ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இதே முறைதான். இரண்டு மூன்று நாள் ஏறித்தான் இருக்கும், பிறகு இறங்க வேண்டும். இறங்கிய எண் மறுபடி தலைதூக்கினால் தையலுக்குள் என்ன என்று பார்ப்பார்கள்.

பிறகுதான் படித்தேன், இந்த நோயில் நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உலகமே கவனித்த வேலை செய்திருக்கிறார்கள். இந்தியாவின் பல மருத்துவமனைகளைச் சேர்த்து, முற்றிய நிலையில் இருந்த சுமார் 800 நோயாளிகளிடம் சோதித்து, இரண்டு மருந்தையும் ஒன்றாக ரத்தக்குழாய் வழியே கொடுத்தால் சிக்கல்கள் குறைகின்றன என்று 2023இல் வெளியிட்டார்கள்.

அடுத்தது அலகு. என் அண்ணன் பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கிறார். பட்டாளத்துப் பென்ஷன்காரர். போன வருஷம் எனக்கு வலது கால் பெருவிரல் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து வீங்கியது. யூரிக் அமிலம். அதே வாரம் அண்ணனுக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். போனில் பேசும்போது, "உனக்கு சி.ஆர்.பி. எவ்வளவு தம்பி?" என்றார். "4.8" என்றேன். "எனக்கு 48! உனக்குப் பத்தில் ஒரு பங்குதான். நீ கொடுத்து வைத்தவன்" என்றார்.

நாங்கள் படித்த பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் "லுய்னித்தே?" என்று கேட்டுவிட்டுச் சைபர் போடுவார். அவர் பெயரைச் சொல்லி அண்ணனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தாளை எடுத்து வந்து படித்தார். அவருடையது லிட்டருக்கு 48 மில்லிகிராம். என்னுடையது டெசிலிட்டருக்கு 4.8 மில்லிகிராம். ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். இரண்டும் ஒன்றேதான்! அண்ணனும் தம்பியும் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்துகொண்டு ஒரே எண்ணை வைத்திருக்கிறோம் என்று சிரித்தோம்.

ஆனால் வைத்தியம் ஒன்றா? அவருக்கு மார்பில் கிருமி, ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். எனக்குக் கிருமியே இல்லை, வீக்கத்துக்கு மாத்திரை, நிறையத் தண்ணீர், கறி வேண்டாம். என் 48ஐப் பார்த்துவிட்டு யாராவது ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் விரலுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

பொதுவாக வைரஸ் என்றால் குறைவாகவும், பாக்டீரியா என்றால் அதிகமாகவும் ஏறும் என்பது மொத்தத்தில் சரி. ஆனால் அது சட்டம் இல்லை. கொரோனாவும் வைரஸ்தான், முற்றியவர்களுக்கு நூறைத் தாண்டியதை நாமே பார்த்தோம். மறுபக்கம், எண் குறைவாக இருந்தால் நோய் இல்லை என்றும் ஆகாது. புதுச்சேரியில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். குடியால் கல்லீரல் சுருங்கிப்போனவர். கடைசி நாட்களில் வயிற்று நீரில் கிருமி. சி.ஆர்.பி. பெரிதாக ஏறவில்லை என்று வீட்டார் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் புரதத்தைச் செய்வதே கல்லீரல்தானே, தொழிற்சாலையே படுத்துவிட்டால் சரக்கு எங்கிருந்து வரும்? எங்களோடு ஒரே மேசையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவர். ஐந்தாம் நாள் போய்விட்டார். லூபஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கும் நோய் கொழுந்துவிட்டு எரியும்போதுகூட இந்த எண் அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம். மூட்டுவாத நோய்க்குப் போடும் டோசிலிசுமாப் என்ற ஊசி, கல்லீரலுக்குப் போகும் தகவலையே தடுத்துவிடுவதால், கிருமி இருந்தாலும் எண் அடங்கியே கிடக்கும். அப்படி மருந்து எடுப்பவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு குழப்பம், முழு உடல் பரிசோதனைத் தாளில் வரும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. அளப்பது அதே புரதம்தான், மிக நுணுக்கமாக. இதய நோய் வாய்ப்பைக் கணிக்க அதைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் வாய்ப்புக் குறைவு, 3க்கு மேல் என்றால் கூடுதல் என்பார்கள். சளிக்காய்ச்சல் இருக்கும்போது அதை எடுத்துவிட்டு, 14 வந்துவிட்டது, மாரடைப்பு வரப்போகிறது என்று ஒருவர் தூங்காமல் இருந்தார். உடம்பு நன்றாக இருக்கும்போது எடுக்க வேண்டிய சோதனை அது.

இவ்வளவு சொல்வதால் சோதனையே வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். வியட்நாமில் ஹனோய் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில், சளி இருமலோடு வந்தவர்களுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சி.ஆர்.பி. பார்த்தார்கள். பார்க்காத கூட்டத்தில் நூற்றுக்கு 78 பேர் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார்கள். பார்த்த கூட்டத்தில் 64 பேர். 2016இல் வந்த முடிவு. பெரிய குறைவு இல்லைதான், ஆனாலும் தேவையில்லாத மருந்து அத்தனை பேர் வயிற்றுக்குள் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. டாக்டர் கையில் இருந்தால் அது கருவி. நாமே கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனால் அது ஆபத்து.

ஆகவே நண்பர்களே, ஆளுக்கொரு பைல் வாங்குங்கள். பத்து ரூபாய் அட்டைப் பைல் போதும். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் கோத்து வையுங்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் காய்ச்சல் தொடங்கிய நாள், நேரம், அப்போது சாப்பிட்ட மருந்து, இவற்றைப் பேனாவால் எழுதுங்கள். லேப் மாறினால் அலகு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தால் குளித்து, துணியை மாற்றுங்கள். காய்ச்சல் வந்தால் உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஆள் பிதற்றினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தாளில் என்ன எண் இருந்தாலும் வண்டியை வரச் சொல்லுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மா ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினால், எண்ணைப் பார்த்து உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். போன் போட்டு நாலு வார்த்தை பேச விடுங்கள். என் மகன் இப்போது அப்படித்தான் செய்கிறான். போன மாதம் அவன் அம்மாவுக்குச் சாதாரண ஜலதோஷம். தாளை அனுப்பினேன். பதில் எழுதாமல் கூப்பிட்டான். "அப்பா, போனை அம்மாகிட்ட குடுங்க. அம்மா, என்ன சாப்பிட்டீங்க?"

"ரசம் சாதம்டா. உப்புத்தான் கொஞ்சம் கம்மி. உங்கப்பா வெச்ச ரசம்" என்றாள்.

உப்புக் குறை சொல்கிற அளவுக்கு நாக்கு இருக்கிறதே, அது போதும் என்று ரிப்போர்ட்டைப் பைலில் கோத்து வைத்தேன்.